சிவப்பு நூல், வெள்ளை நூல்

வடக்கு மேட்டுப்பட்டி,
இலுப்பூர் தபால்,
புதுக்கோட்டை சமஸ்தானம்.
20-11-1936

மைத்துனன் மரியசெல்வத்துக்கு ஞானமணி எழுதுவது.

இன்று காலை ஏழு மணிக்கு, பூசை கண்டு வீடு திரும்பி, கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி நீ அனுப்பும் ஆறணா ஒயினை நான் குடிப்பதில்லை. முடிவு எடுக்கப்பட்டபோது உன் அக்கா சந்தனமேரி சாட்சியாக உடனிருந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தாள் என்றாலும், நான் சொன்னது காதில் விழுந்ததாக ஒப்புக்கொண்டாள்.

காரணம் வருமாறு. ஹெட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த மூன்று வருஷமாக, தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு தம்ளர் ஒயின் குடித்து, அதைப் பழைய வருகைப் பதிவேட்டில் குறித்து, நூற்றுக்கு மார்க்குப் போட்டு வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். நிறத்துக்கு இருபது, மணத்துக்கு இருபது, நாக்குக்கு நாற்பது, மறுநாள் காலைத் தலைக்கு இருபது. துரைமார் வாங்கும் புட்டியில் பாதி விலை அதன்மேல் ஒட்டிய காகிதத்துக்கு என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைக்கு உன் ஆறணா ஒயின் மூன்று வருஷம் மரியாதை தேடித் தந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கியதில்லை. 'பிரெஞ்சு தேசத்து மலைச்சரிவில் வெயில் காய்ந்த பழம். வாயில் வைத்ததும் இலந்தை, விழுங்கியபின் வெல்லம்' என்று போன பிப்ரவரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

இந்த மாதப் பெட்டியில் வந்தது முப்பத்தொன்று. பாஸ் மார்க்கு முப்பத்தைந்து. இலந்தை இல்லை, வெல்லம் இல்லை. பச்சைப் புளியங்காயைக் கடித்ததுபோல் பல் கூசுகிறது. 'கவனக்குறைவு. தகப்பனார் நேரில் வரவும்' என்று குறித்திருக்கிறேன்.

அதே பெட்டியில் எங்கள் கோயிலுக்கு நீ அனுப்பிய பூசை ஒயினில், பரிசோதனைக்காக மட்டும், ஒரு கரண்டி ருசித்தேன். எண்பத்துநான்கு. சாமிக்கு நல்லதும் மச்சானுக்குக் கழுநீரும் அனுப்புவதைப் பக்தி என்று நீ சொல்லக்கூடும். தை மாதம் உன் மகள் அருளாயி என் மகன் சூசையைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வரப்போகிறாள். சம்பந்தியாகப் போகிறவனை இப்படி நடத்துவதற்கு என்ன பெயர் என்று நீயே எழுது.

ஞானமணி


காரைக்கால்
24-11-1936

சே. ம. சூ.

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு மரியசெல்வம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நம்மவர்கள் கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை என்பதற்கு மூன்று எழுத்துப் போட்டுத்தான் தொடங்குவது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. உள்ளே முப்பத்தொன்று இருந்தது.

நான் இந்த ஒயின் பண்டகசாலையில் பன்னிரண்டு வருஷமாகப் பீப்பாய்க் கணக்கு எழுதுகிறவன். உங்கள் ஆறு புட்டியும் எப்போதும் நிரப்பும் அதே பீப்பாயிலிருந்து என் கண் எதிரே நிரப்பியவை. இரண்டு ஒயினுக்கும் ஒரே மாதிரிக் கறுப்புப் புட்டிதான் கிடைக்கிறது. அதனால் கோயில் புட்டிகளின் கழுத்தில் வெள்ளை நூலும் உங்கள் புட்டிகளின் கழுத்தில் சிவப்பு நூலும் நானே கட்டினேன். 'கலப்பில்லாத திராட்சை ரசம், பூசைக்கு ஏற்றது' என்று எங்கள் பங்குச் சாமியார் கையெழுத்திட்ட சீட்டையும் வைத்தேன். அந்தச் சீட்டு வெள்ளை நூலுக்கு மட்டும். அதை ஒரு கரண்டி ருசிக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்க எனக்கு வயது போதாது. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாமன் மகளைக் கட்டுவதற்கு நம் சபையில் பிஷப் மேற்றிராணியாரின் அனுமதி வேண்டும். மனுவை உங்கள் பங்குச் சாமியார்தான் அனுப்பவேண்டும். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நாற்பது நாளாகிறது. அது இன்னும் அவர் மேசைக்குள் கிடக்கிறதாம். ஒயின் மார்க்கு நான்கு நாளில் காரைக்காலுக்கு வந்துவிட்டது.

அருளாயி வந்து சோறாக்கினால் அவளுக்கும் பதிவேட்டில் ஒரு வரி ஒதுக்குவீர்களா என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். கேள்வி நியாயமாகப் பட்டது.

ஒன்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் குடித்த முப்பத்தொன்றின் கழுத்தில் இருந்தது எந்த நூல்?

மரியசெல்வம்


வடக்கு மேட்டுப்பட்டி
28-11-1936

மரியசெல்வத்துக்கு,

மனு அடுத்த வாரம் போகிறது. சாமியார் என்னிடம் நேரில் சொன்னார். சம்பந்தமில்லாத விஷயங்களைக் கலப்பது தோற்றுக்கொண்டிருப்பவனின் வழக்கம்.

நூலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். ஒரு நூலும் இல்லை. சிவப்பு நூல் கண்ணில் பட்டதுமே 'இது நம்முடையது' என்று நாக்கு சலுகை காட்டுவதைச் சில மாதமாகக் கவனித்து வருகிறேன். முப்பது வருஷம் பையன்களின் பெயரை மறைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தியவன் நான். ஆகவே பெட்டி வந்த அன்று பன்னிரண்டு புட்டிகளின் நூலையும் அவிழ்த்துவிட்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். சந்தனமேரி கோயில் புட்டிகளின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடும், நம்முடையதின் அடியில் இரண்டு கோடும் போட்டு, வரிசையைக் கலைத்து வைத்தாள்.

பன்னிரண்டையும் திறந்து ஒவ்வொரு கரண்டி ருசித்தேன். ஆறு புட்டி எண்பத்துநான்கு. ஆறு புட்டி முப்பத்தொன்று. ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை. இப்படி ஒரு நாக்குக்கு முன்னால் நீ பீப்பாய்க் கணக்கைக் காட்டுகிறாய்.

முடித்துப் புட்டிகளைத் திருப்பிப் பார்த்தபோது, மழையில் தரை ஈரம் கசிந்து ஓதம் காத்திருந்ததால், சுண்ணாம்புக் கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. "ஐயையோ, இப்ப எது எதுன்னு எப்புடிங்க தெரியும்?" என்று உன் அக்கா தலையில் கை வைத்தாள். நாக்கு இருக்கும்போது சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டேன். எண்பத்துநான்கு வாங்குகிற ஒயின் ஆறணாவுக்குக் கிடைக்காது என்பது யாருக்கும் தெரியும். அந்த ஆறுக்கும் வெள்ளை நூல் கட்டி, மெழுகால் அடைத்து, வண்டிக்கார ஐயனாரிடம் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினேன். முப்பத்தொன்றுக்குச் சிவப்பு நூல் கட்டி என் அலமாரியில் வைத்தேன். நல்லதைக் கொடுத்துவிட்டு மட்டமானதை வைத்துக்கொண்டவன் நான் என்பதையும் கவனி.

போன ஞாயிறு சாமியாரே என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ ரசம் நல்லாருக்கு மாஸ்டர், தொண்டைக்கு எதமா இருக்கு" என்றார். போதுமா?

ஞானமணி


காரைக்கால்
2-12-1936

சே. ம. சூ.

மச்சான் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அக்காவிடமும் காட்டவேண்டாம். இன்றைக்கே ஏதாவது காரணம் சொல்லிக் கோயிலில் மிச்சமிருக்கும் புட்டிகளை வாங்கிக்கொண்டு, உங்கள் அலமாரியில் சிவப்பு நூல் கட்டி நிற்பவற்றைக் கொடுத்துவிடுங்கள். நடந்ததைச் சாமியாரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சொல்லுங்கள். அங்கே கேட்டதை அவர் வெளியே எடுக்க முடியாது. தானாகச் சரிசெய்துகொள்வார். நானும் இங்கே அப்படியே செய்கிறேன்.

இனி காரணம். மூன்று வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். உங்கள் ஆறணா ஒயின் எந்த மலைச்சரிவிலும் விளைந்ததல்ல. எங்கள் பண்டகசாலையின் கொல்லைப்புறத்தில், கப்பலில் வந்து பூச்சி விழுந்த உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, கருப்பட்டி கரைத்து, பட்டைச் சாராயம் விட்டு, நிறத்துக்கு நாவல்பழச் சாறு சேர்த்துத் துறைமுகக் கூலிகளுக்கு விற்பது. முதல் தடவை ஒரு புட்டி விளையாட்டாக அனுப்பினேன். நீங்கள் எழுபத்தெட்டு மார்க்குப் போட்டு இரண்டு பக்கம் எழுதினீர்கள். படித்தபின் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் கண்ட வெல்லம் உண்மையான வெல்லம். அந்த அளவில் உங்கள் நாக்கைக் குறை சொல்லமாட்டேன்.

முப்பத்தொன்றுதான் பூசை ஒயின். கலப்பில்லாத திராட்சை புளிக்கத்தான் செய்யும். எண்பத்துநான்கை வைத்துத்தான் உங்கள் சாமியார் தினமும் பூசை செய்துகொண்டிருக்கிறார். கருப்பட்டித் தண்ணீரில் செய்த பூசை செல்லாது என்று ஞானோபதேச வகுப்பில் சின்னக்குறிப்பிடம் படித்த பிள்ளைக்கும் தெரியும்.

விலை ருசியைச் சொல்லாது என்று எனக்கு மூன்று வருஷம் பாடம் நடத்தினீர்கள். நூலை அவிழ்த்ததும், எது நன்றாக இருக்கிறதோ அதுதான் விலை உயர்ந்தது என்று முடிவு செய்தீர்கள். தினமும் குடித்ததை உங்கள் நாக்கு அடையாளம் காணவில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். அடுப்பில் போடுங்கள்.

மரியசெல்வம்


வடக்கு மேட்டுப்பட்டி
9-12-1936

மரியசெல்வத்துக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பொய்யை எரிப்பது பொய்யனுக்குச் செய்யும் உதவி. முப்பத்தொன்று என்ற மார்க்கு உன்னைச் சுட்டிருக்கிறது. பதிலுக்கு என் மூன்று வருஷப் பதிவேட்டையே கருப்பட்டியில் கரைக்கப் பார்க்கிறாய். இதை நடுவர் ஒருவர் முன் வைப்பது என்று தீர்மானித்தேன். ரசம் நன்றாக இருக்கிறது என்று தன் வாயால் சொன்ன சாமியாரைவிடப் பொருத்தமான நடுவர் கிடையாது.

நேற்று மாதா திருநாள். பூசை முடிந்து ஜனங்கள் கோயில் வாசலில் நின்றபோது உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, "உரக்கவே படிங்க சாமி, ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றேன். அவர் உரக்கப் படிக்கவில்லை. முதல் தடவை நின்றுகொண்டு படித்தார். இரண்டாம் தடவை படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்.

"மாஸ்டர், இதத் தொட்டியிலதான் சொல்லணும்னு அவரு எழுதியிருக்காரே. படிக்கலையா?"

"படிச்சேன் சாமி. அது பொய்யின்னு நிரூபிக்கத்தானே கொண்டாந்தேன்."

"தொட்டியில சொல்லியிருந்தா எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான் தெரியும். இப்ப ஊருக்கே தெரியும். நான் மேற்றிராணியாருக்கு எழுதாம இருக்க முடியாது" என்றார். பிறகு உள்ளே போய்ப் புட்டியை எடுத்துவந்து முகர்ந்தார். நான் மார்க்கைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

மேலவீட்டு அந்தோணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "எங்கய்யாவுக்கு வருஷப் பூசை போன வாரந்தான் வச்சேன். அது அவருக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையா, மாஸ்டர்? அத மட்டும் சொல்லுங்க" என்றான். இலக்கணப் பாடத்தில் மூன்று தடவை பெயிலானவன்.

பதினேழு பூசைகளைத் திரும்பச் செய்யவேண்டுமாம். மேற்றிராணியார் விசாரித்து முடிக்கும்வரை உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் உள்ள எந்தக் காகிதமும் இந்தப் பங்கிலிருந்து போகாதாம். கல்யாண மனுவும் அதில் சேரும். இவ்வளவும் உன் ஒரு பொய்யால்.

ஞானமணி


காரைக்கால்
15-12-1936

மச்சான் அவர்களுக்கு,

நேற்று எங்கள் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையெழுத்திட்ட சீட்டைக் கருப்பட்டித் தண்ணீரோடு அனுப்பியவன் நானா என்று மேற்றிராணியார் அலுவலகத்திலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். இனி எந்தக் கோயிலுக்கும் என் கையால் ஒயின் போகாது. முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என் நாற்காலியை மட்டும் கொல்லைப்புறத்துக்கு மாற்றியிருக்கிறார்.

கோபப்பட்டு எழுத நிறைய இருக்கிறது. எழுதப்போவதில்லை. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மேற்றிராணியாருக்கு ஒரு வரி எழுதுங்கள். 'காரைக்காலிலிருந்து வந்த பூசை ஒயினும் சீட்டும் சரியானவை. நூலை அவிழ்த்து மாற்றிக் கட்டியது நான். என் நாக்குத் தவறிவிட்டது.' அவ்வளவுதான். அது போனால் விசாரணை முடியும். விசாரணை முடிந்தால் மனு போகும். தை பன்னிரண்டாம் தேதி கல்யாணம் நடக்கும்.

சைகோனில் சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் எத்தியேன் என்கிற பையன் லீவில் வந்திருக்கிறான். பிப்ரவரி இருபதாம் தேதிக் கப்பலில் திரும்புகிறான். அவன் வீட்டார் ஞாயிறுதோறும் என் வீட்டுக்காரியோடு கோயிலிலிருந்து நடந்து வருகிறார்கள். அவர்கள் வீடு எதிர்த் திசையில்.

ஜனவரி ஆறு, மூன்று ராசாக்கள் திருநாள் வரை பொறுப்பேன்.

மரியசெல்வம்


வடக்கு மேட்டுப்பட்டி
28-12-1936

மரியசெல்வத்துக்கு,

நான்கு பக்கம் எழுதி மேற்றிராணியாருக்கு அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பின் குணம், ஐப்பசி கார்த்திகையில் தரை ஓதம் காக்கும் விதம், ஒரே மாதிரிப் புட்டியை இரண்டு பொருளுக்குப் பயன்படுத்தும் வியாபாரிகளின் அலட்சியம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறேன். நீ கேட்ட வரியின் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் அதில் உண்டு.

அந்த வாக்கியத்தை எழுத இயலாது. முப்பது வருஷம் நான் போட்ட ஒரு மார்க்கையும் எந்த இன்ஸ்பெக்டரும் மாற்றியதில்லை. இதற்கு நியாயமான வழி மறுபரீட்சை. இரண்டு பீப்பாயிலிருந்தும் மும்மூன்று புட்டி, பெயரில்லாமல், அரக்கு முத்திரையிட்டு அனுப்பு. சாமியார் முன் ருசித்துச் சொல்கிறேன்.

உன் அக்கா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாளான நேற்றுப் பேசினாள். "நாக்கு தப்பிருச்சுன்னு ஒரு வரி எழுதுறதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்? பெத்த மகன் கல்யாணங்க" என்றாள். பிறகு சாப்பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். உப்பு இல்லை.

ஐயனாரைக் கூப்பிட்டு, அன்று புட்டிகளை வண்டியில் மாற்றினாயா என்று விசாரித்தேன். "மாத்தலீங்க. ஏத்தயிலேயே மெழுகுச் சந்துல கருப்பட்டி வாசம் வந்துச்சு. நம்மகிட்ட யாரு கேக்குறா" என்றான். இந்தச் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. அவன் வெற்றிலை போடுகிறவன்.

ஊரில் பிள்ளைகள் என்னைக் கருப்பட்டி வாத்தியார் என்கிறார்கள். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள்.

ஞானமணி


காரைக்கால்
9-1-1937

சே. ம. சூ.

மச்சான் அவர்களுக்கு,

புட்டி எதையும் அனுப்பப்போவதில்லை.

நான்கு நாளைக்கு முன் சூசை வந்தான். கச்சேரி உத்தியோகத்துக்கு லீவு போட்டுவிட்டு, உங்களுக்குத் தெரியாமல், இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறான். சாப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றான். "மாமா, அப்பாவ எழுத வைக்க முடியல. நானே எழுதிக் கையெழுத்து மட்டும் கேட்டேன். பேனாவத் தொறந்தாரு. அப்புறம் மூடிட்டாரு" என்றான். அருளாயி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கு நூறு மார்க்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று ராசாக்கள் திருநாள் போய்விட்டது. தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. எத்தியேன் வீட்டாருக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. அவர்கள் நமக்கு உறவில்லை.

இந்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி வரை தபாலைப் பார்ப்பேன். மறுநாள் ஞாயிறு. கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கவேண்டும். யார் பெயரை வாசிப்பது என்பது உங்கள் கையில்.

மரியசெல்வம்


காரைக்கால்
9-2-1937

சே. ம. சூ.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கும் அக்காவுக்கும்,

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று. அருளாயிக்கும் எத்தியேனுக்கும் நேற்றுக் காலை ஆறு மணிப் பூசையில் கல்யாணம் ஆயிற்று. இருபதாம் தேதி கப்பல் ஏறுகிறார்கள்.

அக்காவுக்குச் சேலை ஒன்று தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் திருப்பி அனுப்பவேண்டாம்.

மரியசெல்வம்


வடக்கு மேட்டுப்பட்டி
12-2-1937

மரியசெல்வத்துக்கு,

சேலை வந்தது. உன் அக்கா அதைப் பிரிக்கவில்லை.

கருப்பட்டித் தண்ணீரை மூன்று வருஷம் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் எழுதியதைப் படித்து உன் வீட்டில் சிரித்திருக்கிறாய். அதை நான் மன்னிக்கப்போவதில்லை. முதல் புட்டியிலேயே சொல்லியிருந்தால் எழுபத்தெட்டை அன்றைக்கே அடித்திருப்பேன். வாத்தியார் தாளைத் தப்பாகத் திருத்தினால் அவரிடம் வந்து சொல்லவேண்டியது பையனின் கடமை. பன்னிரண்டு வருஷம் பீப்பாய்க் கணக்கு எழுதுகிறவனுக்கு இது தெரியாதா?

அலமாரியில் சிவப்பு நூலோடு இருந்த ஆறு புட்டிகளையும் சாமியார் கோயிலுக்கு எடுத்துக்கொண்டார். திரும்பச் செய்யவேண்டிய பதினேழு பூசைகளும் அந்த ஒயினில்தான் முடிந்தன. கோயிலிலிருந்து திரும்பி வந்த ஒன்றரைப் புட்டியைக் கொல்லையில் வாழைக்கு ஊற்றிவிட்டேன். பதிவேட்டில் நவம்பர் மாதப் பக்கத்தில் இரண்டு மார்க்கையும் அடித்துவிட்டு ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதியிருக்கிறேன். ஓரத்தில் என் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.

உன் ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. மாதக் கடைசியில், முப்பதாம் தேதி, நீ கேட்ட வாக்கியத்தை மேற்றிராணியாருக்கு எழுதி அனுப்பினேன். கடைசி மூன்று சொல்லையும் விடவில்லை. உனக்கு அதைத் தெரிவிக்கவில்லை. பலன் கையில் கிடைத்தபின் அதைக் கொண்டுவந்து உன் முகத்துக்கு நேரே வைக்கவேண்டும் என்றிருந்தேன்.

இன்று பத்தரை மணித் தபாலில் அனுமதி வந்தது. பிப்ரவரி எட்டாம் தேதியிட்டு, முத்திரையோடு இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சூசை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

ஞானமணி